பொட்டிப்புரத்துப் பாதையில் இரண்டு பைகள்

தேவாரம்
17-1-38

சிரஞ்சீவி தம்பி சண்முகராஜுக்கு அக்கா கஸ்தூரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் இங்கு சுகம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? கிளப்புக் கடைச் சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கச் சொன்னேனே, கேட்டாயா?

நீ அனுப்பிய லேடீஸ் சைக்கிள் போடி வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ் கூரைமேலும் பிரயாணம் செய்து புதன்கிழமை வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. தமுக்கம் மைதானத்தில் நீ சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. முதல் நாள் கடைத்தெருவில் நான் ஏறிப் போனபோது ஒரு பெரியவர், "ஏலே, நர்சம்மா பறந்து போறாக, பாருங்கலே!" என்று கத்தினார். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சங்கடம் சாமான்களில்தான். பிரசவத்துக்குப் போகும்போது எனாமல் பேசின், கருவி கொதிக்கவைக்கும் டப்பா, ரப்பர் ஷீட், பஞ்சு, குழந்தை நிறுக்கும் தராசு, கத்தரிக்கோல், ஐந்து மருந்துப் புட்டிகள், ரிஜிஸ்டர் எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினேன். பண்ணைப்புரம் போகும் வழியில் மூட்டை ஒரு பக்கம் சாய்ந்து, அதோடு நானும் சாய்ந்து, கிருமி கொல்லும் லைசால் புட்டி உடைந்து, பஞ்செல்லாம் நனைந்துவிட்டது. இங்கே சாலை என்பது பாதி மணல், பாதி கல்.

வெள்ளைக்காரர்கள் சைக்கிளிலேயே தேசம் சுற்றுகிறார்கள், சாமான் கொண்டுபோக விதவிதமான பை வைத்திருக்கிறார்கள் என்று நீ ஒருமுறை படம் காட்டினாய். எனக்கு எது சரிப்படும் என்று யோசித்து எழுது. பேசின், டப்பா இவற்றின் அளவுக்கு நூல் வெட்டி இதில் வைத்திருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா,
கஸ்தூரியம்மாள்


மதுரை
25-1-38

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்குத் தம்பி சண்முகராஜ் நமஸ்காரம். வயிற்று வலி தேவலை. மோர் சாதம்தான் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

நூல்களை அளந்தேன். மூன்று வழி இருக்கிறது. முதலாவது, ஹாண்டில் பாரில் பிரம்புக் கூடை. கண்ணெதிரே இருக்கும், கை நீட்டினால் எடுக்கலாம். ஆனால் பாரம் அதிகமானால் ஹாண்டில் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மணலில் ஆளைத் தள்ளிவிடும். இரண்டாவது, பின் கேரியர்மேல் தகரப் பெட்டி. புட்டிக்கு நல்லது. ஆனால் பாரம் உயரத்தில் நிற்பதால் உங்களுக்கு நடந்த கதைதான் மறுபடியும் நடக்கும். மூன்றாவது, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கும் பைகள். கழுதைப் பொதி மாதிரி. பாரம் தாழ்வாகவும் சமமாகவும் இருக்கும். வெள்ளைக்காரர்கள் நெடுந்தூரம் போக இதைத்தான் போடுகிறார்கள்.

நான் மூன்றாவதைத் தேர்ந்துவிட்டேன். எங்கள் சைக்கிள் கடைக்கு எதிரே ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற ஜேசுராஜ் அண்ணன் இருக்கிறார். கெட்டிக் கித்தானில், ஓரமெல்லாம் தோல் வைத்துத் தைக்க ஒப்புக்கொண்டார். "மருத்துவச்சி அம்மாவுக்கா? அப்ப ரெட்டைத் தையல் போடணும்" என்றார். பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்காதபடி பையின் முன்மூலையைச் சாய்வாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாரம் பாரம்தான். தினமும் தேவைப்படாததை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முக்கியமாகக் கண்ணாடிப் புட்டிகளைக் குறையுங்கள். நெடுந்தூரம் போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பனிக்காலம் முடியும் வரை காதில் துணி கட்டிக்கொண்டு போங்கள்.

தங்கள் பிரிய தம்பி,
சண்முகராஜ்


தேவாரம்
14-2-38

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். சௌக்கியம்தானே? நான் நலம், பசியும் நன்றாக எடுக்கிறது.

பைகள் வந்தன. ஜேசுராஜுக்கு என் வந்தனத்தைச் சொல். இடப்பக்கப் பையில் பேசினும் டப்பாவும் ரப்பர் ஷீட்டும். வலப்பக்கம் பஞ்சு, தராசு, புட்டிகள், ரிஜிஸ்டர். சைக்கிள் நேராக நிற்கிறது, நேராக ஓடுகிறது. கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் ஒரே நாளில் போய்வந்தேன். பின்னால் பாரம் இருப்பதே தெரியவில்லை.

நீ சொன்னபடி புட்டிகளையும் குறைத்துவிட்டேன். வலப்பக்கப் பையில் மூன்று புட்டிதான் ஆடாமல் நிற்கும். மீதி இரண்டை இங்கே பிரசவ நிலையத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எப்போதாவது வேண்டியவை அவை.

இங்கே வேலை அதிகம். முன்பெல்லாம் கூப்பிட யோசித்தவர்கள்கூட இப்போது ஆள் அனுப்புகிறார்கள். நாளைக்குப் பொட்டிப்புரம் போகவேண்டும், நாள் நெருங்கிய தலைப் பிரசவம். மூன்று மைல்தான், ஆனால் ஓடையைத் தாண்டிப் போகிற ஒற்றை வண்டிப்பாதை. அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. பரிசோதிக்கப் போனபோது, "நர்சம்மா, உங்க சைக்கிள்ல என்னையும் ஒரு நாளைக்கு வச்சுக்கிட்டுப் போவீகளா?" என்று கேட்டாள். பிள்ளை பிறந்ததும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கஸ்தூரி


மதுரை
2-4-38

அக்காவுக்கு நமஸ்காரம். ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. நான் இரண்டு கார்டு போட்டேன். உடம்பு சரியில்லையா? காய்ச்சல் ஏதாவது வந்ததா? கம்பம் பக்கம் மலைக்காய்ச்சல் இருப்பதாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பைகளில் குறை ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரியாவது போதும்.

சண்முகராஜ்


தேவாரம்
19-4-38

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். காய்ச்சல் ஒன்றும் இல்லை. வேலை மும்முரத்தில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இதுவரை இந்தச் சைக்கிளில் போய்ப் பதினொரு பிரசவம் பார்த்துவிட்டேன். பத்தில் தாயும் சேயும் சுகம்.

பைகள் நன்றாக உழைக்கின்றன. சிறு மாற்றம் ஒன்று வேண்டும். வாரும் பக்கிளும் பையின் வெளிப்பக்கம் இருக்கின்றன. பின்னால் நிற்கிறவர் கைக்கு எட்டுகிறது. அவற்றைச் சக்கரத்தை ஒட்டி உள்பக்கமாக வைக்க முடியுமா? வெளிப்பக்கம் பிடிப்பதற்கு வாகாக எதுவுமே இல்லாமல் வழவழவென்று இருக்கவேண்டும். தெருவில் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பிடித்து இழுக்கிறார்கள். மணலில் இறங்கித் தள்ளும்போது யாராவது பிடித்தால் சைக்கிள் நின்றுவிடுகிறது.

இன்னொன்று. பைகளை முன் சக்கரத்துக்கு மாற்ற முடியுமா என்றும் ஜேசுராஜிடம் கேள். முன்னால் இருந்தால் கண்ணில் படும். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்காது.

இப்போது ஐந்து புட்டிகளையும் கொண்டுபோகிறேன். பாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. புட்டிகளுக்கு இடம் பெரிதாக்க முடியுமா?

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

கஸ்தூரி


மதுரை
24-4-38

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். கடிதம் கண்டு உயிர் வந்தது.

முன் சக்கரத்தில் பை போடலாம். ஆனால் ஓடை மணலில் திருப்ப முடியாது. வேண்டாம். பக்கிளை உள்பக்கம் மாற்றி, புட்டிகளுக்கு ஐந்து அறை வைத்து, புதிதாக ஒரு ஜோடியே ஜேசுராஜ் அண்ணன் தைத்துவிட்டார். பார்சலில் வருகிறது. வெளிப்பக்கம் வழவழவென்றுதான் இருக்கிறது. பழையதைத் திருப்பி அனுப்புங்கள்.

அவர் ஒன்று கேட்டார். "பிள்ளைக இழுத்தா பையோட அடி கிழியும். மேல இருக்கிற பக்கிளை உள்ள மாத்தச் சொல்றாகன்னா இழுக்கிறவன் உசரமான ஆளு, தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள்தானே அக்கா?

பதினொன்றில் மீதி ஒரு பிரசவம் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. பொட்டிப்புரத்துப் பெண் சுகமா? சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்களா?

பதில் எதிர்பார்க்கும்,
சண்முகராஜ்


தேவாரம்
5-6-38

தம்பிக்கு ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். உன் வயிறு எப்படி?

புதுப் பைகள் வந்தன. நல்ல வேலை. இங்கே மலைக் கணவாயிலிருந்து காற்று ஆரம்பித்துவிட்டது. பக்கவாட்டில் அடித்தால் பைகள் கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடித்து ஆளை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. அதனால் இன்னும் சில வசதிகள் வேண்டும்.

ஒன்று, பேசினும் டப்பாவும் இடித்து ஓசை வருகிறது. தூரத்திலிருந்தே நான் வருவது தெரிகிறது. ஓசையே வராமல் உள்ளே கம்பளி வைத்துத் தைக்கவேண்டும். விளக்குக்கு ஒரு மூடி வேண்டும். இறங்காமலே, ஒரு விரலால் மூடும்படி.

கடைசியாக, ஏறிய நிலையிலேயே ஒரே இழுப்பில் இரண்டு பைகளையும் கழற்றிவிட ஏதாவது வழி இருக்கிறதா? ஓடை ஏற்றத்தில் சைக்கிள் பாரமாக இருக்கிறது. கழற்றிவிட்டால் வேகமாக ஏறிவிடலாம்.

இதைச் சீக்கிரம் செய்து அனுப்பு. பொட்டிப்புரத்தில் ஆடி மாதம் ஒரு பிரசவம் இருக்கிறது. அதற்குமுன் வந்தாகவேண்டும்.

கஸ்தூரி


மதுரை
10-6-38

அக்கா,

சுகம் விசாரித்து எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நேராகவே கேட்கிறேன்.

ஏற்றத்தில் பாரம் என்றால் இறங்கித் தள்ளுவார்கள். பிரசவச் சாமானை நடுவழியில் கழற்றி எறிந்துவிட்டு ஏற்றம் ஏறி என்ன செய்யப்போகிறீர்கள்? ஓசை வரக்கூடாது, விளக்கை மூடவேண்டும், பின்னால் பிடிக்க இடம் இருக்கக்கூடாது, ஒரே இழுப்பில் பாரத்தைத் தள்ளிவிட்டு வேகமாகப் போகவேண்டும். ஏறக்குறைய இதே மாதிரி எங்கள் கடையில் கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். மறுமாதம் போலீஸ்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நீங்கள் யாருக்குப் பயந்து ஓடுகிறீர்கள்?

ஒவ்வொரு கடிதத்திலும் பையைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்தும் மாறிவிட்டது. நான் கேட்டும் அந்தப் பொட்டிப்புரத்துப் பெண்ணைப் பற்றிப் பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள். என்னை வளர்த்தது நீங்கள். உங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட என்னால் முடியாதா?

விஷயத்தை எழுதும் வரை எதையும் அனுப்பமாட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். அனுப்பாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. இத்துடன் எல்லாம் வருகிறது. சீட்டின் முன்னால் ஒரு தோல் வால் தொங்கும். இழுத்தால் பித்தளைக் கம்பி உருவிக்கொண்டு, இரண்டு பையும் பின்பக்கம் சரிந்து விழும். இருபது தடவை இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

ஆடிக்குள் முதலாளியிடம் லீவு கேட்டு வந்துவிடுவேன். அதுவரை தனியாகப் பொட்டிப்புரம் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சண்முகராஜ்


தேவாரம்
26-7-38

அருமைத் தம்பி சண்முகராஜுக்கு உன் அக்கா எழுதிக்கொண்டது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடு, உடம்பில் காயம் இல்லாமல் இருக்கிறேன். நீ போட்ட மூன்று கார்டும் வந்தன. பதில் போடாமல் உன்னைத் தவிக்கவிட்டது தப்பு. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பொட்டிப்புரத்துப் பெண் பெயர் ராமுத்தாய். பிப்ரவரி பதினைந்தாம் தேதி அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. அதற்கு எர்காட் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஒரு கரண்டி கொடுத்தால் கருப்பை இறுகி, பெரும்பாலும் நின்றுவிடும். அந்தப் புட்டியைத்தான் நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். நான் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்க முடியாது. அவள் புருஷன் நல்லகண்ணுவிடம் சாவியைக் கொடுத்து, புட்டியின் அடையாளம் சொல்லி ஓடச் சொன்னேன். அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. போக மூன்று மைல், வர மூன்று மைல், உச்சி வெயிலில் ஓடினார். அவர் புட்டியோடு வந்து நின்றபோது ராமுத்தாய் இல்லை. குழந்தை சுகம்.

நீ இதைப் படித்துவிட்டு உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. தேவைப்படாததை வைத்துவிட்டுப் போகச் சொன்னது நீ. எது தேவைப்படாது என்று முடிவு செய்தது நான். படித்தவள் நான். இதற்குத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே அனுப்பும் ரிஜிஸ்டரில் 'உதிரப்போக்கினால் மரணம்' என்று மட்டும் எழுதினேன்.

ராமுத்தாயின் காரியம் முடிந்து பதினெட்டாம் நாள் நல்லகண்ணு ஓடைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் அரிவாள். நான் மணலில் இறங்கித் தள்ளும்போது பின்னாலேயே நடந்துவந்தார். பிறகு சைக்கிள் நின்றது. திரும்பினால் அவர் கை பையின்மேல் இருக்கிறது. முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. கையை எடுத்தார். அதன்பிறகு அந்தப் பாதையில் எப்போது போனாலும் அப்படித்தான். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் எப்போதும் குளிர்ந்தே இருந்தது. போலீஸில் சொல்லலாம். சொன்னால், அவன் ஏன் உன் பின்னால் வருகிறான் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பொட்டிப்புரத்திலிருந்து ஆள் வந்தது. ஆடியில் பிரசவம் என்று எழுதினேனே, அந்த முருகம்மாளுக்கு வலி என்று சொல்லிவிட்டு ஆள் முன்னால் ஓடிவிட்டது. உன் வார்த்தை ஞாபகம் இருந்தது. ஆனாலும் கிளம்பினேன். காற்று ஆளைத் தூக்கியது. ஓடையில் இறங்கித் தள்ளி, அக்கரையில் ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்திருப்பேன். பை இறுகியது. இந்தத் தடவை நல்லகண்ணு கையை எடுக்கவில்லை.

"இறங்குங்க" என்றார். அவர் குரலை அன்றைக்குத்தான் மறுபடி கேட்டேன்.

நான் தோல் வாலை இழுத்துவிட்டேன். பைகள் இரண்டும் விழுந்தன. சைக்கிள் துள்ளிப் பாய்ந்தது. மேட்டில் போய்த் திரும்பிப் பார்த்தால், அவர் மணலில் குத்தவைத்து உட்கார்ந்து பையைத் திறந்துகொண்டிருக்கிறார்.

அங்கே பாதை பிரிகிறது. நேரே போனால் பொட்டிப்புரம். இடப்பக்கம் வாய்க்கால் கரையோடு சுற்றினால் தேவாரம். தம்பி, நான் இடப்பக்கம்தான் திருப்பினேன். ஒரு நூறு கஜம் போயிருப்பேன். அதற்குமேல் பெடலை மிதிக்க முடியவில்லை. அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். மருந்து இல்லாவிட்டாலும் வயிற்றைப் பிடித்துவிடக் கையாவது இருக்கிறதே என்று திரும்பினேன்.

நான் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் யாரோ, "அண்ணன் வந்துட்டாக" என்றார்கள். நல்லகண்ணு இரண்டு தோளிலும் இரண்டு பைகளோடு நிற்கிறார். முருகம்மாள் அவர் கூடப்பிறந்த தங்கை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அவர் வெளியே துண்டை விரித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றார். நான் வாசற்படியில் நின்று சொன்னேன். கத்தரி. தராசு. ரப்பர் ஷீட்.

"அந்த மருந்து எது?"

காட்டினேன். அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மற்றதை உள்ளே தள்ளிவிட்டு, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார்.

பெண் குழந்தை. நஞ்சு விழுந்த கொஞ்ச நேரத்தில் இவளுக்கும் இரத்தம் அதிகமாகப் போக ஆரம்பித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மருந்தைக் குடுங்க" என்று கத்தினேன். கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து புகட்டினேன். கால் மணி நேரம் பிசைந்துகொண்டே இருந்தேன். மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

"நின்னுருச்சு" என்று வெளியே சொன்னேன்.

பிறகு, "ஒரு கரண்டிதானா?" என்றார்.

"ஆமா."

"இம்புட்டுதானா, நர்சம்மா?"

எழுந்து வெளியே வந்து, "அன்னைக்கு இதை நான் வச்சுட்டு வந்துட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

"தெரியும். நாந்தான ஓடுனேன்" என்றார். "ஏன் வச்சுட்டு வந்தீகன்னு கேக்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். வாய் வராது. பையப் பிடிப்பேன். ரெண்டு நாளு வெட்டிப்போடணும்னும் வந்தேன். அதுவும் முடியல. இன்னைக்கு எந்தங்கச்சிக்குன்னதும் பைக்குள்ள மருந்து இருக்கான்னு பாக்காம உங்கள உள்ள விடக்கூடாதுன்னுதான் நிறுத்துனேன்."

அதைச் சொல்லிவிட்டுத் தெருவில் அப்படியே உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அருகில் போகத் தைரியம் இல்லை.

நீ வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வந்தால் நல்லது.

உன் அக்கா,
கஸ்தூரி


மதுரை
30-7-38

அக்கா, நமஸ்காரம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் தலையில் போட்டுக்கொள்ளக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் சொல்லி நடக்கிற காரியமா? கடைக்குப் பை கேட்டு வருகிறவர்களிடம் எதை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்ல இப்போது வாய் வரமாட்டேன் என்கிறது.

எனக்கு அவரை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் வெட்ட வந்தவர் மூன்றாவது நாளும் வரலாம். உங்கள் மேலதிகாரி லேடி டாக்டருக்கு எழுதி இடமாற்றம் கேளுங்கள். காரணம் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். மருந்து விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வேலை போகும், பெயரும் போகும். அவரே அழுது முடித்துவிட்டார். இனிமேல் கிளறி யாருக்கு என்ன லாபம்?

முதலாளி ஆவணிக்குத்தான் லீவு என்கிறார். ஆவணி முதல் ஞாயிறு வருகிறேன். அதுவரை பகலிலும் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.

சண்முகராஜ்


தேவாரம்
11-9-38

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் வயிறு கெட்டதா? போடியில் அந்தப் பஜ்ஜியை நீ சாப்பிட்டிருக்க வேண்டாம்.

நீ இங்கே இருந்தபோது உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று. நீ கிளம்புவதற்கு முதல் நாளே நான் பெரியகுளத்து லேடி டாக்டருக்கு எழுதிவிட்டேன். இடமாற்றம் கேட்டு இல்லை. மருந்தை வைத்துவிட்டுப் போனதை எழுதினேன். சொன்னால் நீ தபால்காரர் பையிலிருந்தே கடிதத்தைப் பிடுங்கியிருப்பாய்.

முந்தாநாள் அந்த அம்மாள் காரில் வந்தார்கள். என்னை நிற்கவைத்தே எல்லாவற்றையும் கேட்டார்கள். பிறகு, "அவங்க வீட்டுக்காரரை நான் பார்க்கணும்" என்றார்கள். ஆள் போய் நல்லகண்ணுவைக் கூட்டிவந்தது. வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு, இடுப்பில் அரிவாள். நிலையத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். ஓடையில் பயந்ததைவிட அன்று நான் அதிகம் பயந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு, "உங்க சம்சாரத்துக்குப் பிரசவம் பார்க்க வந்தப்ப இந்த அம்மா மருந்து கொண்டுவந்தாங்களா, இல்லையா?" என்று கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொள்ளக்கூடாது என்று நினைத்தேன், குனியவில்லை.

"இவங்களே இங்க இருக்கலாமா? இல்ல, வேற ஆளை அனுப்பட்டுமா? நீங்க சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா இன்னைக்கே மாத்திடறேன்" என்றார்கள் டாக்டரம்மா.

வெளியே காற்றில் கதவு அடித்துக்கொண்டது. யாரும் எழுந்துபோய் அதைச் சாத்தவில்லை.

"அன்னைக்குக் கொண்டுவரல" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பக் கொண்டு வாராக."

அவ்வளவுதான். கும்பிடுகூடப் போடாமல் படி இறங்கி வயலுக்குப் போய்விட்டார்.

எச்சரிக்கை ஒன்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டரம்மாளும் போய்விட்டார்கள். நான் இங்கேயே இருக்கிறேன். பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். நாளைக்குக் காலை பொட்டிப்புரத்தில் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கப் போகவேண்டும். புட்டிகளை இப்போதுதான் எண்ணி வைத்தேன். படுக்கப்போகுமுன் இன்னொரு தடவை எண்ணுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தம்பி. அடிக்கடி எழுது.

உன் அக்கா,
கஸ்தூரியம்மாள்